பந்தி நடக்கும்போதே உக்கிராணத்தை மாற்றுகிறவர்கள்

“இப்ப மைகிரேஷன்ல இருக்கேன்மா.”

“எந்த நாட்டுக்குய்யா?”

வன்னியம்பட்டியில் ஏதாவது ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மதுரை - கொல்லம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் கோபுரமும் பால்கோவாவும், மறுபக்கம் நூற்பாலைகளும் சிமென்ட்டும். கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரி வந்த பிறகு, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறத் தொடங்கினார்கள். பிள்ளை என்ன வேலை பார்க்கிறான், பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று உறவுக்காரர்கள் கேட்டால் “ஐ.டி.” என்ற இரண்டு எழுத்தோடு பேச்சை முடித்துக்கொள்வது பெற்றோருக்கும் வசதி, பிள்ளைகளுக்கும் வசதி.

ஆனால் அந்த இரண்டு எழுத்துக்குள்ளே நடக்கிற வேலையில் பெரும்பகுதி, புதிதாக எதையும் உருவாக்குவது அல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓர் அடித்தளத்திலிருந்து இன்னோர் அடித்தளத்துக்கு நகர்த்துவது. அதைத்தான் மைகிரேஷன் என்கிறார்கள். விமானம் கிடையாது, விசா கிடையாது. இதில் பலவகை உண்டு. டேட்டாபேஸ் மாற்றுவது ஒன்று, கம்ப்யூட்டரையே மாற்றி கிளவுடுக்குப் போவது இன்னொன்று. வீட்டில் விளக்கிச் சொல்லவே முடியாது என்று பிள்ளைகள் கைவிட்டுவிடும் வகை ஒன்று இருக்கிறது: டிபெண்டன்சி இஞ்செக்‌ஷன் ஃபிரேம்வொர்க்கை மாற்றுவது. பெயரைக் கேட்டாலே ஊசி போடுவது போலத்தான் இருக்கும். உண்மையில் கல்யாண வீட்டைப் பார்த்த யாருக்கும் இது புரியக்கூடிய விஷயம்.

ஒரு கல்யாணத்தில் சமையல் மாஸ்டர் கடைக்குப் போவதில்லை. “ஐந்நூறு இலைக்கு இவ்வளவு பச்சரிசி, இவ்வளவு துவரம்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி” என்று ஒரு சாமான் லிஸ்ட் கொடுப்பார். வீட்டுக்காரர்கள் வாங்கி உக்கிராண அறையில் அடுக்குவார்கள். உக்கிராணச் சாவியை இடுப்பில் செருகிய ஒரு பெரியவர், யாருக்கு எது எப்போது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுப்பார். மாஸ்டருக்குத் தன் லிஸ்டில் உள்ளது கைக்கு வந்தால் போதும். வெல்லம் ராஜபாளையத்துக் கடையில் வாங்கியதா, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் வாங்கியதா என்பது அவர் கவலை இல்லை.

மாஸ்டரே ஒவ்வொன்றுக்கும் கடைக்கு ஓடினால் என்ன ஆகும்? அவருக்குத் தெரிந்த ஒரே கடையில்தான் வாங்குவார். அந்தக் கடை அன்று பூட்டியிருந்தால் பாயசம் இல்லை. பாயச மாஸ்டர் ஒரு கடை, பலகார மாஸ்டர் ஒரு கடை என்று போனால் கணக்கு யாருக்கும் புரியாது.

பழைய மென்பொருள்கள் பலவும் அப்படித்தான் எழுதப்பட்டன. ரசீது போடும் பகுதி, தனக்கு வேண்டிய வரிக் கணக்குப் பகுதியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஸ்டாக் பார்க்கும் பகுதி தனக்கென்று இன்னொரு வரிக் கணக்கை உருவாக்கிக்கொள்ளும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, இப்படி எழுதிய இடங்களில் எல்லாம் ஒவ்வொரு மூலையாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. ‘எனக்கு வரிக் கணக்கு வேண்டும், யாராவது கொடுங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்த இடங்களில், கொடுப்பவர் ஒருவரை மாற்றினாலே போதும். தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போகாமல், வெளியிலிருந்து கையில் வாங்கிக்கொள்ளும் இந்த முறைதான் டிபெண்டன்சி இஞ்செக்‌ஷன். வழக்கம் முன்பே இருந்தது என்றாலும், பெயரை நிலைநிறுத்தியது மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய ஒரு கட்டுரை.

எடுத்துக் கொடுக்கிற அந்த உக்கிராணப் பெரியவர்தான் ஃபிரேம்வொர்க். மென்பொருள் உலகில் அவர் ஒருவர் அல்ல. பலர் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சுபாவம்.

ஜாவா மொழியில் மூத்தவர் ஸ்பிரிங். ராட் ஜான்சன் என்பவர் 2002-ல் எழுதிய ஒரு புத்தகத்தோடு கொடுத்த நிரலிலிருந்து வளர்ந்து, 2004 மார்ச்சில் முதல் பதிப்பாக வெளிவந்தது. வங்கி, காப்பீடு, அரசு என்று இந்திய ஐ.டி. நிறுவனங்கள் தொடும் பெரிய மென்பொருள்களில் இவரைத் தவிர்க்க முடியாது. அடுத்து, கூகுள் 2007-ல் வெளியிட்ட கைஸ். எழுத்தைப் பார்த்து அப்படிப் படிக்கத் தோன்றும். சரியான உச்சரிப்பு ‘ஜூஸ்’. ஆண்ட்ராய்டு போன்களுக்காக ஸ்கொயர் நிறுவனம் செய்த டேகர் மூன்றாமவர். அதன் இரண்டாம் பதிப்பை 2015-ல் கூகுள் கொண்டுவந்தது.

இவர்களுக்குள் முக்கியமான வித்தியாசம், தவறு எப்போது தெரியவரும் என்பதில் இருக்கிறது. மாஸ்டரே கடைக்கு ஓடுகிற பழைய முறையில், வெல்லம் இல்லை என்பது பந்தி பாதியில் இருக்கும்போதுதான் தெரியும். ஸ்பிரிங்கும் கைஸும் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில், அதாவது மென்பொருள் தொடங்கும்போது, லிஸ்டைச் சரிபார்த்து “வெல்லம் இல்லை” என்று நிறுத்திவிடுவார்கள். டேகர் இன்னும் கெடுபிடியானவர். முந்தின நாளே, நிரலை கம்பைல் செய்யும்போதே, லிஸ்ட் முழுமையாக இல்லையென்றால் வண்டியைக் கிளம்பவே விடமாட்டார். போனில் செயலி திறக்கும் அந்த ஒரு நொடியில் லிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால் அந்தக் கெடுபிடி தேவைப்பட்டது.

ஸ்பிரிங்கை உருவாக்கிய ராட் ஜான்சனும், கைஸை உருவாக்கிய பாப் லீயும் 2009-ல் சேர்ந்து ஒரு பொதுமொழிக்கு வழிசெய்தார்கள். ஜே.எஸ்.ஆர். 330 என்று பெயர். லிஸ்ட் எழுதுவதற்கான குறியீடுகள் ஐந்து, அதோடு ஓர் இடைமுகம், அவ்வளவுதான். இந்தக் குறியீட்டில் எழுதிவிட்டால் எந்த உக்கிராணப் பெரியவரும் படித்துவிடுவார். அப்படியானால் ஒருவரை அனுப்பிவிட்டு இன்னொருவரை உட்காரவைப்பது சுலபம்தானே? அங்கேதான் பிள்ளைகளின் தூக்கம் போகிறது. அதற்கு முன், எதற்காக மாற்ற வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம்.

நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பது நியாயம். பெரும்பாலும் மாற்றுகிறவர்களும் ஆசைப்பட்டு மாற்றுவதில்லை. பெரியவருக்கு வயதாகிவிடுகிறது. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் என்ற இணையதள ஃபிரேம்வொர்க்குக்கு 2021 டிசம்பர் 31 அன்று ஆதரவு முடிந்தது. ஸ்பிரிங் பூட் 2.7-க்கான இலவச ஆதரவு 2023 நவம்பரில் முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் மறுநாள் ஓடாது என்று பொருளல்ல. ஓடும். ஆனால் பூட்டில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர ஆள் இருக்காது. 2022 மார்ச் இறுதியில் ஸ்பிரிங்கில் அப்படி ஓர் ஓட்டை வெளிவந்தது. ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு உடனே திருத்தம் வந்தது. ஆதரவு முடிந்த பழைய பதிப்பில் இருந்தவர்கள்தான் என்ன செய்வது என்று கையைப் பிசைய வேண்டியிருந்தது.

இன்னொரு காரணம் பெயர்த் தகராறு. பெயரின் மதிப்பை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019-ல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அதே 2019-ல்தான் ஜாவா உலகத்திலும் ஒரு பெயர்ப் பஞ்சாயத்து முடிவுக்கு வந்தது.

ஜாவாவின் உரிமை ஆரக்கிள் நிறுவனத்திடம் இருக்கிறது. நிறுவனங்களுக்கான ஜாவா என்று ஒரு பெரிய தொகுப்பு உண்டு. அதை 2017-ல் எக்ளிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக ஆரக்கிள் அறிவித்தது. கடையைக் கொடுத்தார்கள், சரக்கைக் கொடுத்தார்கள், பெயர்ப்பலகையைக் கொடுக்கவில்லை. அந்தத் தொகுப்பிலிருந்த பகுதிகளின் பெயர்கள் எல்லாம் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும். இந்தப் பெயரில் உள்ளதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன்மேல் புதிதாக எதையும் சேர்க்கவோ மாற்றவோ கூடாது என்பதுதான் 2019 மே மாதம் தெரியவந்த முடிவு. வேறு வழியில்லாமல் 2020 டிசம்பரில் எல்லாவற்றையும் ‘ஜகார்த்தா’ என்று பெயர் மாற்றினார்கள். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3, இந்தப் புதுப் பெயரைத்தான் ஏற்கும் என்று சொல்லிவிட்டது. குறைந்தது ஜாவா 17 வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. பெரியவர்கள் இருவர் கூடி ஏற்படுத்திய பொதுமொழியும் ‘ஜாவாஎக்ஸ்’ பெயரில்தான் இருந்தது. அதுவும் ஜகார்த்தா ஆனது. உலகம் முழுக்க எத்தனையோ பேர், மென்பொருளில் ஒரு வசதிகூடக் கூடாமல், பெயரை மாற்றுவதற்காக மட்டும் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வக்கீல்கள் முடிக்காத விஷயத்தை இன்ஜினீயர்கள் முடித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பெயரைத் தேடி மாற்றுவதற்கு மாதக்கணக்கு எதற்கு, கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் செய்யாதா? செய்யும். செய்தால் வண்டி நின்றுவிடும். ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் எல்லாமே இடம்பெயரவில்லை. டேட்டாபேஸோடு பேசும் ‘ஜாவாஎக்ஸ் எஸ்.க்யூ.எல்.’ ஆரக்கிளின் அடிப்படை ஜாவாவிலேயே இருக்கிறது. அதன் பெயர் மாறாது. இன்னும் வேடிக்கை, ‘ஜாவாஎக்ஸ் டிரான்ஸாக்‌ஷன்’ பெயர் மாறும், அதற்குள்ளே இருக்கும் ‘எக்ஸ்.ஏ.’ என்ற உள்பகுதி மட்டும் பழைய பெயரிலேயே நிற்கும். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் பழைய கதவு எண். தபால்காரருக்கு மனப்பாடமாகத் தெரிந்தால்தான் உண்டு.

இவ்வளவு இருந்தும் பெயர் மாற்றத்தை நல்ல வகை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் தவறு செய்தால் உடனே சத்தம் கேட்கும். கம்பைல் ஆகாது, சிவப்பு எழுத்தில் திட்டு வரும், திருத்திவிடலாம். சத்தமே இல்லாமல் வருகிற தவறுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கல்யாண வீட்டில் அண்டா ஒன்றுதான். எல்லாரும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வாழையிலை அப்படியல்ல, உட்காருகிற ஒவ்வொருவருக்கும் புதிது. எதை அண்டா மாதிரி நடத்த வேண்டும், எதை இலை மாதிரி நடத்த வேண்டும் என்று யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். மென்பொருளில் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பெரியவர் தன் வழக்கப்படி செய்வார். ஸ்பிரிங்கின் வழக்கம், சொல்லாவிட்டால் எல்லாமே அண்டா. ஒன்றைச் செய்துவைத்து, கேட்கிற எல்லாருக்கும் அதையே கொடுப்பார். கைஸின் வழக்கம், சொல்லாவிட்டால் எல்லாமே இலை. கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று செய்து தருவார். டேகரும் அப்படித்தான். பொதுமொழி வந்தும் இந்த வழக்கம் மாறவில்லை. லிஸ்ட் அதே லிஸ்ட். படிப்பவர் மாறியதும் பரிமாறும் விதம் மாறிவிடுகிறது.

ஒரு நூற்பாலையின் கணக்கு மென்பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். (1936-ல் ஒரு பஞ்சாலையில் தொடங்கிய ராஜபாளையத்துக் குழுமம் ஒன்று பின்னால் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தையே நடத்துகிறது. பஞ்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்தப் பக்கத்தில் உறவு புதிதல்ல. இங்கே சொல்வது கற்பனையான ஓர் ஆலையை.) அதில் பில் எண் கொடுக்கும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. நூல் விற்பனைப் பிரிவும் கழிவுப் பஞ்சு விற்பனைப் பிரிவும் அதனிடம்தான் எண் வாங்குகின்றன. ஸ்பிரிங்கில் இருந்தவரை அது அண்டா, ஒன்றே ஒன்று. 1041 ஒருவருக்கு, 1042 அடுத்தவருக்கு. கைஸுக்கு மாற்றினார்கள். எல்லாம் கம்பைல் ஆனது. சோதனைகள் பாஸ் ஆயின, ஏனென்றால் சோதனைகள் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகத்தான் பார்த்தன. இப்போது ஆளுக்கொரு இலை. நூல் பிரிவும் 1041 போடுகிறது, கழிவுப் பஞ்சுப் பிரிவும் 1041 போடுகிறது. ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் ஒரு முறைதான் வரலாம் என்பது ஜி.எஸ்.டி. விதி. ஆடிட்டர் கண்டுபிடிக்கும்போது எத்தனை பில் போயிருக்கும்? முறைப்படி பார்த்தால் பில் எண்ணை டேட்டாபேஸ்தான் தர வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் பலர் கைபட்ட மென்பொருளில் எல்லாம் முறைப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர், அந்த வேலையை ஒரு நாளும் பார்த்திராதவர்.

திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். கைஸிலிருந்து ஸ்பிரிங்குக்குப் போகும்போது இலையாக இருந்தது அண்டாவாகிவிடும். ஒரு வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் தற்காலிகமாகக் குறித்துவைக்கும் பகுதி, ஒவ்வொருவருக்கும் புதிதாக வந்துகொண்டிருந்தது, இப்போது எல்லாருக்கும் ஒன்று. ஒருவர் சாப்பிட்ட இலையிலேயே அடுத்தவரை உட்காரவைத்தது போல, ஒருவரின் விவரம் இன்னொருவரின் திரையில் வந்து நிற்கும். அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால்தான் நடக்கும். அலுவலகத்தில் ஒரே ஆள் உட்கார்ந்து சோதித்தால் நாள் முழுக்கப் பார்த்தாலும் வராது.

இதோடு சின்னச் சின்னச் சண்டைகள். லிஸ்டில் ‘வெங்காயம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், உக்கிராணத்தில் சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டும் இருக்கும்போது எதைக் கொடுப்பது? பழைய பெரியவர் பெயரையும் பார்த்து ஊகித்துக் கொடுத்திருப்பார். புதியவர் ஊகிக்க மறுப்பார். அப்புறம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதையில் ஒன்றையொன்று கேட்டு நிற்கும் பகுதிகள். அவற்றை ஸ்பிரிங் ரொம்ப காலம் எப்படியோ சமாளித்துச் சேர்த்துவைத்தது. 2021 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 முதல், தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அதுவரை ஓடிய மென்பொருள், பதிப்பு மாற்றிய அன்று காலையில் தொடங்கவே மறுத்தது என்றால், காரணம் பல இடங்களில் இதுதான்.

சரி, எப்படித்தான் மாற்றுகிறார்கள்? ஒரே ராத்திரியில் மாற்றுவது என்று ஒரு வழி உண்டு. சின்ன மென்பொருளுக்குச் சரி. பெரியதற்கு, மாட்யூல் மாட்யூலாகப் போவதுதான் வழி. பெரிய மென்பொருள்கள் தனித்தனிப் பகுதிகளாக, அதாவது மாட்யூல்களாக, இருப்பதன் பயன் அப்போதுதான் தெரியும். யாரையும் சார்ந்திராத மாட்யூலை முதலில் எடுக்க வேண்டும். அதை நம்பி இருப்பவற்றை அடுத்து. எல்லாரும் நம்பி இருக்கும் நடு மாட்யூலில் கை வைத்துத் தொடங்கியவர்கள் தீபாவளிக்கு ஊருக்கு வருவதில்லை.

ஃபவுலரே இதற்கும் ஓர் உவமை சொன்னார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில், ஒரு மரத்தின் உச்சியில் விழுந்த அத்தி விதை வேரைக் கீழே இறக்கி, மெல்ல மெல்ல அந்த மரத்தைச் சூழ்ந்து, கடைசியில் அதன் இடத்தில் தானே நிற்பதைப் பார்த்தவர், பழைய மென்பொருளைப் புதியது அப்படித்தான் மாற்ற வேண்டும் என்று 2004-ல் எழுதினார். நம் ஊர்க்காரர்களுக்கு அதற்காக ஆஸ்திரேலியா போகத் தேவையில்லை. பனைமரத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பார்க்காதவர் இங்கே யார்?

சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கத்தில் கனியாரி என்ற கிராமம். அங்கே ஜன ஸ்வஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பின் மருத்துவமனைக்காகத் தொடங்கி, இன்று பல நாடுகளில் பயன்படும் இலவச மென்பொருள் பாஹ்மினி. நோயாளியின் சீட்டு, ஆய்வக முடிவு, மருந்து, பில் எல்லாம் அதில். திரையில் தெரியும் பகுதிகளை ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதியிருந்தார்கள். அந்தப் பெரியவருக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு, லிஸ்டில் எழுதியிருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் பொருளை எடுத்துத் தருவார். கோப்பின் அளவைக் குறைக்க யாராவது பெயர்களை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டால், கையில் ஒன்றும் வராது. அவருக்குத்தான் 2021 கடைசியில் ஆதரவு முடிந்தது. மருத்துவமனையை மூடிவிட்டு மென்பொருளை மாற்ற முடியுமா? பழைய திரைக்குள்ளேயே புதிய பகுதிகளை ரியாக்ட் என்ற வேறு முறையில் எழுதிப் பதித்தார்கள். டாக்டர் பார்ப்பது ஒரே பக்கம்தான். அதில் ஒரு கட்டம் பழைய உக்கிராணத்திலிருந்து வருகிறது, பக்கத்துக் கட்டம் புதிதிலிருந்து.

பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யில் 2018-ல் தொடங்கிய மோசிப் இன்னோர் உதாரணம். நாடுகள் தங்கள் மக்களுக்கு அடையாள எண் கொடுக்கப் பயன்படுத்தும் மென்பொருள். பிலிப்பைன்ஸ் அதை வைத்துத்தான் கொடுக்கிறது. ஸ்பிரிங் பூட்டின் மேல் பல மாட்யூல்களாகக் கட்டப்பட்டது. ஒரு நாட்டின் அடையாள அட்டை வேலை நடந்துகொண்டிருக்கும்போது அடித்தளத்தில் கை வைப்பதென்றால் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டு பெரியவர்களும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் இந்த இடைக்காலம்தான் ஆபத்தானது. ஒரே பொருளுக்கு இருவரிடமும் சாவி இருக்கக் கூடாது. இருந்தால் பில் எண் கதை மறுபடி வரும், அண்டா இரண்டாகிவிடும். ‘இது இனி புதியவர் பொறுப்பு, பழையவர் கேட்டால் அவரிடம் வாங்கிக் கொடுக்க வேண்டும்’ என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஓர் உரிமையாளரை முடிவு செய்து எழுதிவைப்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். கைஸ் குழுவினர் 2023-ல் செய்தது இதில் நல்ல காரியம். ஜாவாஎக்ஸ், ஜகார்த்தா இரண்டு பெயரையும் படிக்கத் தெரிந்த ஆறாம் பதிப்பையும், ஜகார்த்தாவை மட்டும் படிக்கிற ஏழாம் பதிப்பையும் வெளியிட்டார்கள். முதலில் ஆறுக்கு வந்து மூச்சு வாங்கி, பெயர்களை மாற்றி முடித்து, பிறகு ஏழுக்குப் போகலாம்.

இந்த வேலையின் துயரம், நன்றாக முடிந்தால் ஒன்றுமே தெரியாது என்பது. நேற்று எப்படி ஓடியதோ இன்றும் அப்படியே ஓடும். “ஆறு மாசமா என்ன பண்ணீங்க?” என்று வருடாந்தர மதிப்பீட்டில் கேட்டால் காட்டுவதற்குத் திரையில் ஒன்றும் இருக்காது. புது வசதி செய்தவருக்குக் கைதட்டல், உக்கிராணம் மாற்றியவருக்கு “ஓகே, நெக்ஸ்ட்”.

இப்போது அதற்கும் போட்டி. தமிழ்நாட்டு ஐ.டி.க்கு இந்த மாதிரி வேலை சோறு போட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டுப் பிரச்னைக்காகப் பழைய நிரல்களில் வருடத்தைத் திருத்தப் போனவர்கள் ஒரு தலைமுறை. அந்த 2000 ஜூலையில்தான் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறந்தது. இன்றைக்கு ஓப்பன்ரீரைட் என்ற இலவசக் கருவி, ஜாவாஎக்ஸ்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாற்றும் வேலையைக் குறிப்பு கொடுத்தால் தானே செய்கிறது. அந்தக் குறிப்புகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரெசிபி’. 2024 ஆகஸ்டில் அமேசானின் தலைவர் ஆண்டி ஜாஸி, தங்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஒரு மென்பொருளை ஜாவா 17-க்கு மாற்றும் வேலை சராசரியாக 50 ஆள்-நாளிலிருந்து சில மணி நேரத்துக்குக் குறைந்தது என்றும், மொத்தம் 4,500 ஆள்-வருட உழைப்பு மிச்சம் என்றும் எழுதினார். தன் கருவியைத் தானே புகழ்கிறார் என்று தள்ளுபடி போட்டுக்கொண்டாலும், வன்னியம்பட்டியிலிருந்து போய் இந்த வேலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த எண் வயிற்றைக் கலக்கும்.

கலங்க வேண்டிய பகுதி எது, வேண்டாத பகுதி எது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. பெயர் மாற்றுவது, குறியீடு மாற்றுவது, பதிப்பு எண் திருத்துவது ஆகியவற்றைக் கருவி செய்யும், செய்யட்டும். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மனிதர் செய்ய வேண்டிய வேலை இல்லை அது. பில் எண் கொடுக்கும் பகுதி அண்டாவா இலையா என்பது வேறு விஷயம். நிரலில் எங்கும் அது எழுதியிருக்காது. பத்து வருடத்துக்கு முன் எழுதியவர் ஸ்பிரிங்கின் வழக்கத்தை நம்பி எழுதாமல் விட்டிருப்பார். அது வேண்டுமென்றே விட்டதா, தற்செயலா என்று தெரிந்துகொள்ள, ஆலையில் பில் போடும் ஆளிடம் பேச வேண்டும். “ரெண்டு கவுன்ட்டர்லயும் ஒரே வரிசையில நம்பர் வரணுமாண்ணே?” என்று கேட்டால் அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்ற வேண்டும். தோன்றுகிறவர்கள், மாற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு பகுதிக்கும் நேராக ‘எல்லாருக்கும் ஒன்று’ அல்லது ‘ஆளுக்கு ஒன்று’ என்று பழைய ஃபிரேம்வொர்க்கில் இருக்கும்போதே வெளிப்படையாக எழுதிவிடுகிறார்கள். பிறகு எந்தப் பெரியவர் வந்தாலும் வழக்கத்தை நம்ப வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இருபது பேர் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு சோதனையையும் அப்போதே எழுதிவைக்கிறார்கள்.

மதிப்பீட்டில் காட்டுவதற்கும் அதில்தான் பொருள் இருக்கிறது. எத்தனை மாட்யூல் மாற்றினோம் என்பதைவிட, எந்தெந்த இடத்தில் சத்தமில்லாமல் உடைந்திருக்கும், அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று தேதியோடு ஒரு பக்கம் எழுதிவைத்திருக்கும் பெண்ணிடமோ பையனிடமோ, அடுத்த மைகிரேஷனுக்கு மேனேஜர் தானே வந்து நிற்பார்.

முடிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? எல்லா மாட்யூலும் புதியதில் ஓடத் தொடங்கியதும் நிறையப் பேர் கேக் வெட்டிவிடுகிறார்கள். மென்பொருளுக்கு எந்தெந்த நூலகங்கள் வேண்டும் என்று பட்டியலிடும் பில்டு கோப்பில் பழைய ஃபிரேம்வொர்க்கின் பெயர் அப்படியே இருக்கும். ‘எங்கேயாவது தேவைப்படலாம், இருக்கட்டும்’ என்று விட்டுவைப்பார்கள். இரண்டு வருடம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பழைய முறை என்று தெரியாமலே அதில் இன்னொரு மாட்யூல் எழுதிவிடுவார். அந்த ஒரு வரியை நீக்கி, சேமித்து, முழு மென்பொருளையும் மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும். பச்சை விளக்கு வந்தால் பெரியவரிடமிருந்து சாவியை வாங்கியாயிற்று. சிவப்பு வந்தால், யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு மூலையில் அவர் இன்னும் பரிமாறிக்கொண்டிருக்கிறார்.